முழு வீடியோவும் வேண்டும் என்று கேட்டவள் நான்

“பிஞ்சுகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை, பெற்ற தாயைப் பாழ்வீட்டில் கைவிட்ட கொடுமை!!!” இதுதான் தலைப்பு. கீழே என் படம். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சைச் சேலை கட்டி, குழந்தைகளுக்கு நடுவே வாயெல்லாம் பல்லாக நிற்கிற படம். தாயைக் கைவிட்டவள் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவனுக்கு வயிறு எரியாதா? எரிய வேண்டும் என்றுதான் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறான்.

அவன் என்றால், யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் இணையச் செய்தித்தளம் நடத்துகிற பெடியன். எழுத்துச் செய்தியும் போடுவான், வீடியோவும் போடுவான். முந்திய வருடம் எங்கள் விளையாட்டுப் போட்டியைப் படம் பிடிக்க, தீவில் இருக்கிற எங்கள் ஊர் நாரந்தனைக்கு வந்தவன். வெயிலில் காய்கிறானே என்று நான்தான் கதிரை போட்டு இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தேன். “ரீச்சர், உங்கட பிள்ளையள் வலு கெட்டிக்காரர்” என்று சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டு வாசல் தெரியும், போன் நம்பர் தெரியும். அப்படி ஒரு தலைப்பை எழுத முதல் “ரீச்சர், இது உண்மையோ?” என்று ஒரு வார்த்தை கேட்டால் அவனுக்கு என்ன குறைந்துபோகும்?

ஊர் முழுக்கப் பார்த்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட வந்த தாய்மார் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். “ரீச்சர், இதை நீங்கள் பாக்கேல்லையோ?” பார்த்தேன். சத்தியமாக எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பாழ்வீடு எங்கள் பழைய வீடு. அம்மா அங்கே இருப்பதே இல்லை. என்னோடு, என் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே கட்டில் போட்டுப் படுக்கிறவர்.

தீவுப் பக்கத்துச் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. சுவர் மட்டும் நின்றது. நான் கலியாணம் செய்து வேறு காணியில் வீடு கட்டியபோது அம்மாவும் என்னோடு வந்துவிட்டார். ஆனால் பழைய வீட்டின் சாமியறை மூலையில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் விட அவருக்கு மனம் வராது. இங்கே இப்படி எத்தனையோ குடும்பங்கள். ஆட்கள் ஓரிடத்தில் சமைத்துச் சாப்பிட்டு நித்திரை கொள்வார்கள், விளக்கு மட்டும் கூரையில்லாத பழைய வீட்டில் எரியும். வெள்ளி பின்னேரம் அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்குவேன். அவர் கூட்டித் துப்புரவாக்கி விளக்கு வைத்து முடிப்பதற்குள் நான் கடைக்குப் போய் வருவேன். வாசலில் நின்று ஹோன் அடித்தால் எண்ணெய்ப் போத்தலோடு வருவார். வருடக்கணக்காக நடக்கிற காரியம்.

இதைத்தான் அவன் படம் பிடித்திருக்கிறான். அம்மா சருகு கூட்டுகிறார். இடிந்த சுவரோரம் குந்தியிருக்கிறார். திரியைத் தூண்டிவிடுகிறார். பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழல். “கூரையில்லாத இந்த வீட்டில்தான் இந்தத் தாயின் இரவும் பகலும் கழிகிறது” என்று அவன் குரல் தழுதழுக்கிறது. பிறகு அம்மாவின் முகம் பெரிதாக வருகிறது. “எனக்கு ஒருத்தரும் இல்லைத் தம்பி” என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார். அதோடு என் பச்சைச் சேலைப் படம்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். போனை மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.

“என்னம்மா இது? உங்களுக்கு ஒருத்தரும் இல்லையோ? அப்ப நான் ஆர், வேலைக்காரியோ?”

அம்மா பார்த்தார். முழுவதும் பார்த்தார். பிறகு துருவலையை விட்டு எழும்பினார்.

“நான் உப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. வெட்டிப்போட்டான்.”

“அப்ப என்ன சொன்னனீங்கள்?”

“மகளை விட்டா எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனான். முன்பாதியை வெட்டி எறிஞ்சுபோட்டான் படுபாவி.”

நான் கேட்கவேயில்லை, அவராகத் தேங்காய்ப்பூ ஒட்டிய கையை என் தலையில் வைத்துச் சத்தியம் செய்தார். அந்த நிமிடமே எனக்கு நெஞ்சு ஆறிவிட்டது. அம்மா சொல்லவில்லை, அவன்தான் வெட்டினான். இனி அவனோடுதான் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

ஊருக்கு உண்மை தெரியும், ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். என்ன விசர் நினைப்பு! ஒவ்வொரு வெள்ளியும் என் ஸ்கூட்டரில் அம்மா போவதைக் கண்ட அதே சனம்தான் அந்த வீடியோவைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பியது. “அப்பிடிப் போட்டிருக்கிறாங்கள் எண்டால் ஏதோ இருக்கத்தானே வேணும்” என்று கடையில் வைத்தே ஒரு அக்கா சொன்னார். அவருடைய வீட்டு விளக்கும் கூரையில்லாத வீட்டில்தான் எரிகிறது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் கீழே எழுதினார்கள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டுமாம். கல்லுக் கட்டிக் கடலில் இறக்க வேண்டுமாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதையும் யாரோ தெரிந்த ஆள்தான் எழுதியிருக்க வேண்டும்: “வயிறு திறக்காதவளுக்குத் தாயின் அருமை எங்கே தெரியும்?” அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருந்தார்கள் என்று பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

அடுத்த கிழமை முன்பள்ளியில் பாதிப் பாய் வெறுமையாகக் கிடந்தது. “சொந்தத் தாயைப் பாக்காதவ எங்கட பிள்ளையளை எப்பிடிப் பாப்பா?” என்று கேட்டார்களாம். முன்பள்ளியை நடத்துகிற நிர்வாகக் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, அம்மாவிடம் நாரி நோவு பற்றி விசாரித்து, எல்லாம் முடிந்த பிறகு வாசலில் வைத்துச் சொன்னார்.

“ரீச்சர், எங்களுக்குத் தெரியும் இது பொய்யெண்டு. ஆனா தாய்தேப்பன் கேக்கினம். அவங்கள் மறுப்புப் போட்டு மன்னிப்புக் கேக்கட்டும், அடுத்த நாளே நீங்கள் வாங்கோ. அதுவரைக்கும் கொஞ்சம் வீட்டில நில்லுங்கோ.”

“அண்ணை, நீங்களே அம்மாவைப் பாத்திட்டுத்தானே போறியள்? போய்ச் சொல்லுங்கோவன்.”

“நான் சொல்லிக் கேப்பினமே ரீச்சர்? எழுத்தில வரவேணும்.”

அந்தக் கட்டடம் கொட்டிலாக இருந்த காலத்திலேயே அங்கே போய் நின்றவள் நான். மழைக்கு ஒழுகும்போது பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். கொஞ்சம் வீட்டில் நிற்கட்டாம். கொதி வந்தது. அழுகையும் வந்தது. அவர் சைக்கிள் ஒழுங்கை திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

தம்பியின் செய்தியும் அந்த நாட்களில்தான் வந்தது. எனக்கு ஒரே ஒரு தம்பி, பிரான்ஸில் இருக்கிறான். பழைய வீட்டுக் காணியை விற்க வேண்டும் என்று நின்றான். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “அப்ப அந்தக் காணியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ” என்று சொல்லிப் போனை வைத்தவன், வருடங்களாக எடுக்கவேயில்லை. அம்மா நல்லநாள் பெருநாளுக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பார். அது அடிக்காது. அந்தத் தம்பி இப்போது எனக்கு எழுதுகிறான்: “அம்மாவை இப்படித் தெருவில் விட்டிருக்கிறாய், நீ எல்லாம் ஒரு மகளா?” நான் விளக்கமாக எழுதினேன். அம்மா கட்டிலில் படுத்திருக்கிற படத்தையும் அனுப்பினேன். அவன் என் நம்பரை மறித்துவிட்டான்.

“அம்மா, நீங்கள் ஒருக்கா அவனோட கதைச்சுச் சொல்லுங்கோ, இவள் என்னைப் பாக்கிறாள் எண்டு,” என்றேன்.

“அவன்ர நம்பர் எனக்கென்னெண்டு தெரியும்?” என்று அம்மா வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார். நான் எழுதிக் கொடுத்த நம்பர் அந்தத் தட்டத்துக்குக் கீழேயே கிடந்தது.

வழக்குப் போடுவது என்று நான் முடிவெடுத்தபோது என் மனுசன் தலையைச் சொறிந்தார். “உனக்கேன் உந்தக் கண்டறியாத வேலை? நாலு நாளில மறந்திடுவாங்கள்” என்றார். நாலு நாளில் மறக்கிறது அவர்கள், நான் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். என்னைவிட இளமையான பெண், படபடவென்று கதைக்கிறவர். வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “இது நல்ல மானநட்ட வழக்கு ரீச்சர். நீங்கள் அரசியல்வாதியில்லை, நடிகையில்லை, உங்கட பாட்டில இருந்த ஆள். வீட்டைப் பற்றிச் சொன்னது சுத்தப் பொய், ஊரே சாட்சி” என்றார். ஊரே சாட்சி! அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. சாட்சி சொல்ல வருவீர்களா என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டிருந்தேன். “எங்களுக்கேன் பிள்ளை கோடு கச்சேரி” என்று எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். கடைசியில் என் சாட்சி அம்மா ஒருவர்தான்.

முதலில் கோரிக்கைக் கடிதம் போனது. மறுப்புப் போடு, மன்னிப்புக் கேள், நட்டம் தா. பதில் வந்தது: தாயார் தன் வாயால் சொன்னதைத்தான் வெளியிட்டோம், ஒன்றும் திரிக்கவில்லை. பிறகு வழக்கு, தவணை, மறுதவணை. நீதிபதி லீவு, மறு பகுதிச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல், ஏதோ ஒன்று. ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவும் என்னோடு பஸ் ஏறி வந்தார். வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார், நல்ல சேலை கட்டிக்கொண்டு எனக்கு முதல் வாசலில் நிற்பார். பாவம், எனக்காக இந்த வயதில் அலைகிறாரே என்று நான் உருகிப்போனேன்.

அந்த மாதங்களில் அம்மா சந்தோசமாகத்தான் இருந்தார். அதையும் கண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். கிளிநொச்சியில் இருக்கிற சின்னம்மாவோடு எனக்கு நடந்ததைச் சொல்லிப் புலம்புகிறார், எனக்குக் கேட்டால் நோகும் என்று தள்ளிப் போகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு நல்லவராக அவரை நான் நினைத்துக்கொண்டேன்.

வழக்கு சாட்சி விசாரணைக்கு நெருங்கியது. எதிராளி வீடியோவைத் தன் சான்றாகக் கொண்டுவரப் போகிறான் என்று அறிவித்தல் வந்தது. அப்போது கேட்டேன்.

“மிஸ், அவன் வெட்டினவன். வெட்டாத முழு வீடியோவும் அவனிட்ட இருக்கும்தானே? அதைக் கேக்க ஏலாதோ?”

“கேக்கலாம். சான்றெண்டு கொண்டு வந்தால் முழுசையும் எங்களுக்கு முதலில காட்டத்தான் வேணும். ஆனா ரீச்சர், உள்ள என்ன இருக்கெண்டு வடிவாத் தெரியுமோ?”

“தெரியும். அம்மா என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவ.”

நான்தான் கேட்டேன். அவசரப்படுத்தியதும் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

முழு வீடியோவும் வந்தது. சட்டத்தரணியின் கந்தோரில், மடிக்கணினியை மேசை நடுவில் வைத்து, அவர் ஒரு பக்கம், நானும் அம்மாவும் மறு பக்கம். அம்மா அன்று ஏன் வந்தார் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தலையிடி என்று வீட்டில் நின்றிருக்கலாம். தன் முகத்தை இன்னொரு தரம் பார்க்க ஆசைப்பட்டாரோ என்னவோ.

வீடியோ தொடங்கும்போது அவன் எங்கள் ஒழுங்கையால் நடந்துகொண்டிருக்கிறான், பாழடைந்த வீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு. எங்கள் வீட்டுக்குள் இருந்து ஒரு குரல்: “தம்பி, இஞ்ச ஒருக்கா வாரும்.” அம்மாதான் கூப்பிடுகிறார். அவன் உள்ளே வருகிறான். என்ன படம் என்று அம்மா கேட்கிறார். செய்தி, வீடியோ என்று அவன் சொல்கிறான்.

“இது வெளிநாட்டிலயும் பாப்பினமோ? பிரான்ஸிலயும்?”

“எல்லா இடமும் பாப்பினம் அம்மா. எங்களுக்கு அங்கதான் கூட ஆக்கள்.”

அம்மா கமராவை ஒருக்கால் உற்றுப் பார்க்கிறார். பிறகு சேலையைச் சரி செய்கிறார். இல்லை, சரி செய்யவில்லை. கட்டியிருந்த சேலையைக் கொஞ்சம் குலைக்கிறார், தலைமயிரைக் கையால் கலைக்கிறார், சுவரோரம் போய் மண்ணில் குந்துகிறார்.

அவன் கேட்கிறான்: “நீங்கள் இஞ்சயோ அம்மா இருக்கிறனீங்கள்?”

“ஓம் தம்பி. இஞ்சதான் படுக்கை, இஞ்சதான் எல்லாம்.”

“மழை பெய்தால்?”

“நனையிறதுதான்.”

“பிள்ளையள் இல்லையோ?”

“ஒரு மகன் பிரான்ஸில. அவன் தங்கம். அவனுக்குத் தெரியாது நான் படுற பாடு. மகள் இஞ்சதான், முன்பள்ளி ரீச்சர். இருந்தென்ன? எனக்கு ஒருத்தரும் இல்லைத் தம்பி.”

அதுதான் அந்த வசனம். முன்பாதியும் இல்லை, பின்பாதியும் இல்லை. முழுதாக அவ்வளவுதான்.

அவன் திடுக்கிட்டதுபோல் சொல்கிறான்: “எந்த ரீச்சர் அம்மா? நாரந்தனையிலயோ? அவவை எனக்குத் தெரியும். நல்லவ மாதிரியெல்லோ! நான் ஒருக்கா அவவிட்டயும் கேக்கிறன்.”

“ஐயோ வேண்டாம் தம்பி! கேட்டீரெண்டால் பேந்து எனக்குத்தான் அடி விழும்.”

“அடிக்கிறவவோ?”

அம்மா முழங்கையைத் தடவிக் காட்டினார். அந்தத் தழும்பு, கொதி எண்ணெய் தெறித்து வந்தது. மருந்து போட்டவள் நான்.

சட்டத்தரணி நிறுத்தப் போனார். “விடுங்கோ மிஸ், ஓடட்டும்,” என்றேன். அவன் அதன் பிறகும் நின்று, அம்மா சருகு கூட்டுவதையும் திரியைத் தூண்டுவதையும் படம் பிடித்து, ஏதோ ஆறுதல் சொல்கிறான். அப்போது வெளியே ஒரு ஹோன் சத்தம், தொண்டை அடைத்த ஹோன். அந்த ஸ்கூட்டரைப் பிறகு விற்றுவிட்டாலும் அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. படத்தில் தெரியவில்லை, ஆனால் கடையில் வாங்கிய மரக்கறிப் பையைக் கொளுவிக்கொண்டு வாசலில் நிற்பது நான்.

“தம்பி, காணும், போதும். ஆரோ றோட்டால போகினம். நீர் பின்பக்கத்தால போம்,” என்று அம்மா எழும்புகிறார், மண்ணைத் தட்டுகிறார், மயிரைக் கோதி முடிகிறார். போகும் வழியில் எண்ணெய்ப் போத்தலை எடுக்க மறக்கவில்லை. அதோடு வீடியோ முடிந்தது.

அன்று அம்மா பின்னால் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இண்டைக்கு என்ன கறி பிள்ளை?” என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பூசணிக்காய் என்று சொன்னேன்.

அவன் வெட்டினான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தேன். உண்மைதான், வெட்டியிருக்கிறான். அடி விழும் என்ற துண்டை வெட்டியிருக்கிறான். சோடா கொடுத்த ரீச்சரில் அந்த அளவுக்காவது அவனுக்கு இரக்கம் இருந்திருக்கிறது. என்னைப் பெற்றவருக்கு அதுவும் இருக்கவில்லை.

சட்டத்தரணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வழக்கு இன்னும் சாகேல்லை ரீச்சர். உங்களிட்டக் கேக்காமல் போட்டது பிழைதான். வீடு பற்றினதும் பொய்தான். ஆனா இனி ஒரு வழிதான் இருக்கு. அம்மாவைக் கூண்டில ஏத்தி, அவ பொய் சொன்னவ எண்டு நாங்கள்தான் காட்டவேணும். மற்றப் பக்கமும் விடாது, கிழிப்பினம்.”

அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே சீற்றுத்தான் கிடைத்தது. பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வந்ததும் அடக்க முடியவில்லை.

“எனக்கு ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்? நான் என்ன குறை விட்டனான்?”

“நீ ஒரு குறையும் விடேல்லை.”

“அப்ப?”

அம்மா மடியில் இருந்த கைப்பையைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாக, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல், “அவன் எடுத்தவனெல்லோ” என்றார்.

“ஆர்?”

“தம்பி. வீடியோ வந்து அடுத்த நாளே போன் எடுத்தவன். அம்மா அம்மாவெண்டு அழுதவனடி. ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறான்.”

கிணற்றடி. சேலைத் தலைப்பு. நம்பர் எனக்கென்னெண்டு தெரியும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தது. என்னை அவன் திட்டி எழுதியதும் இவருக்குத் தெரியும். என் நம்பரை மறித்ததும் தெரியும். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாட்களில் இவர் கிணற்றடியில் நின்று அவனோடு சிரித்துக் கதைத்திருக்கிறார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு,” என்றேன். எப்படி அவ்வளவு பொறுமையாகச் சொன்னேனோ தெரியாது. “கோட்டும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். நாளைக்கு என்னோட வாங்கோ. தலைவருக்கும் அந்தத் தாய்மாருக்கும் முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்கோ, மகள்தான் என்னைப் பாக்கிறாள் எண்டு. எனக்கு என்ர பிள்ளையளிட்டப் போனால் காணும்.”

“சொன்னால் அவனுக்குப் போயிடும்.”

“போகட்டுமே!”

“பொய் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் பேந்து எடுக்கமாட்டானடி.”

“அப்ப நான்? என்ர பேர்? என்ர வேலை?”

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார், அதுதான் தாங்க முடியாதது.

“அவன் போனவன். நீ இருக்கிறனிதானே. நீ எங்க போகப் போறாய்?”

வேலணை தாண்டும் வரைக்கும் என் கை அங்கேதான் கிடந்தது. எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. எங்கள் இறக்கத்தில் நான் முதலில் இறங்கினேன். அம்மா படியில் நின்று வழக்கம்போல் கையை நீட்டினார். பிடித்து இறக்கினேன்.

வழக்கை விட்டுவிட்டேன். என் மனுசன்கூட இந்தத் தரம் “விடாதை, நடத்து” என்றார். ஏலாது. கறுப்புக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவன் என் அம்மாவைக் கூண்டில் நிறுத்திப் பொய்க்காரி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க ஏலாது. அதைச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. சமரசமாக முடிந்தது. அவர்கள் வீடியோவை எடுத்துவிட்டார்கள். மறுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கிற பிரதிகள் இன்னும் ஓடுகின்றன, என் பச்சைச் சேலையும் அதோடு ஓடுகிறது. முன்பள்ளிக்கு ஒரு சின்னப் பிள்ளையை ரீச்சராகப் போட்டிருக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் வீசினால் நான் சொல்லிக் கொடுத்த பாட்டு கேட்கும். பிள்ளைகள் இரண்டாவது அடியை இன்னும் பிழையாகத்தான் பாடுகிறார்கள்.

அம்மா இப்போது கிணற்றடிக்குப் போவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டதே, பிறகென்ன ஒளிப்பு? போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு, மீன்குழம்பு, முருங்கையிலைச் சொதி போட்டு மேசையில் வைத்தேன். அம்மா இரண்டு வாய் வைத்திருக்க மாட்டார், போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தத்தை வெளியே விட்டுத்தான் கதைப்பார். தம்பியின் குரல் குசினி முழுக்கக் கேட்டது.

“சாப்பிட்டீங்களோ அம்மா?”

“ஓமடா ராசா, இப்பதான் சாப்பிடுறன்.”

“ஆர் தந்தது?”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொதிச் சட்டியும் அகப்பையுமாக அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பக்கத்து வீட்டுச் சனம் தந்ததடா. பாவம் பாத்து.”

நான் சட்டியை மேசையில் வைத்தேன். குனிந்து போனுக்கு வாயைக் கொடுத்தேன்.

“தம்பி, பக்கத்து வீட்டுச் சனம் கதைக்கிறன். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ எண்டு கேட்டுச் சொல்லு.”

“அக்கா?” என்றான். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். நான் பதில் சொல்ல முதல் அம்மா சோற்றுக் கையாலேயே சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டார்.

“என்னடி வேலை பாத்தனி!” என்று தொடங்கினார். முடிப்பதற்குள் போன் மறுபடியும் அடித்தது. அவன்தான் திரும்ப எடுக்கிறான். திரையில் அவன் படம், மேசையில் போன் நடுங்கி நடுங்கிச் சோற்றுக் கோப்பைப் பக்கம் நகர்கிறது. அம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீ கொஞ்சம் வெளியில போ பிள்ளை.”

நான் போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தேன்.

“எடுங்கோ அம்மா. எடுத்து, ஆர் சோறு தந்தது எண்டு சொல்லுங்கோ.”

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை.